செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு அண்ணனை அனுப்பிய கதை

1

ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்: பம்பாயில் உனக்கு என்ன வேலை? "இன்ஜினியரிங் காலேஜில் சாஃப்ட்வேர் படிக்கிற பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன்" என்பேன். கோவில்பட்டிச் சித்தி போன தடவை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "காலேசு வந்த பெறகும் எழுதத் தெரியாதாக்கும்? அப்பம் பள்ளிக்கூடத்துல என்னத்தப் படிச்சிச்சு அதுக?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

ஆகவே ஊர் ஜனத்துக்கு ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும் இல்லையா? நாம் பிரிக்காமலே பரணில் போடுகிறோமே, அது. அதை எழுதுவது எப்படி என்பதுதான் என் பாடம். ஒரு மென்பொருளைச் செய்தவனுக்கு அது எப்படி ஓடும் என்று தெரியும். வாங்கினவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும். கேட்கிறதற்கு இவ்வளவு லேசான காரியம், செய்யப் போனால் நாக்குத் தள்ளிவிடும்.

இந்த ஆவணியோடு நான் கல்யாணமாகி செம்பூருக்கு வந்து இருபது வருஷம். அதைக் கொண்டாடுவதற்கு எங்கள் வீட்டில் கேக் வெட்டவில்லை. அதற்குப் பதிலாக என் கூடப்பிறந்த அண்ணனைக் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து லோக்கல் ரயிலில் ஏற்றிவிட்டேன். என் வேலையே அந்தக் காகிதத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். வருஷா வருஷம் முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரே பயிற்சிதான் கொடுப்பேன். "செம்பூர் ஸ்டேஷனிலிருந்து மாட்டுங்காவில் ஒரு காப்பி ஹோட்டல் வரைக்கும் வழி எழுதுங்கள். படிக்கிறவருக்கு இந்த ஊர் புதிது, இந்தி தெரியாது, யாரையும் கேட்கவும் கூடாது." அவ்வளவுதான். அறுபது பிள்ளைகளும் இதென்ன பெரிய விஷயம் என்று ஐந்து நிமிஷத்தில் எழுதி நீட்டுவார்கள். சனிக்கிழமை நான் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு அதில் உள்ளபடியே போவேன். உள்ளதைச் செய்வேன், இல்லாததைச் செய்ய மாட்டேன்.

ஒரு தடவை, "குர்லாவில் மாறி மாட்டுங்காவில் இறங்கவும்" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். குர்லாவில் முதலில் வந்த வண்டியில் ஏறினேன். அது எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத ஃபாஸ்ட் வண்டி. மாட்டுங்காவை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையாட்டிவிட்டு அடுத்த ஸ்டேஷனான தாதரில் போய் இறங்கினேன். இன்னொரு காகிதத்தில் ஸ்லோ வண்டி என்று ஒழுங்காக இருந்தது. ஆனால் 'மாட்டுங்கா வருவதற்கு முன்பே எழுந்து வாசலுக்கு வரவும்' என்று இல்லை. எனவே மாட்டுங்கா வரும்வரைக்கும் மகாராணி போல உட்கார்ந்திருந்தேன். வந்ததும் எழுந்தேன். அதற்குள் ஏறுகிற கூட்டம் என்னை உள்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கும் தாதர்தான்.

திங்கட்கிழமை போய்ச் சொன்னால் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். "மிஸ், ஸ்லோன்னு சொல்லணுமா? அது சப்கோ மாலூம் ஹை!" எல்லோருக்கும் தெரியுமாம். அந்த 'எல்லோருக்கும்' என்ற வார்த்தையைக் கரும்பலகையில் எழுதி ஒரு பெருக்கல் குறி போடுவேன். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

மென்பொருளில் கோளாறு வந்தால் அதைப் 'பக்' என்பார்கள், பூச்சி. கோளாறைக் கண்டவர் அதை முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும். எதைச் செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. என் மாணவர்கள் என் ரயில் பயணங்களுக்கே பக் ரிப்போர்ட் எழுதத் தொடங்கிவிட்டார்கள். 'மிஸ் தாதருக்குப் போய்விட்டார். தீவிரம்: அதிகம். திரும்பவும் நடக்குமா: நிச்சயம்.' எனக்கு வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷம் தந்த எழுத்து வேறில்லை.

ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்துக்கு என்னைவிடத் தகுந்த ஆள் இந்த மும்பையிலேயே இல்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. இங்கே பிறந்தவனுக்குத் தனக்கு என்னென்ன தெரியும் என்பதே தெரியாது. எனக்குத் தெரியும். ஒன்றும் தெரியாமல் வந்து இறங்கி, ஒவ்வொன்றையும் அடிபட்டு, மிதிபட்டு, அழுது கற்றவள் நான். முதல் வருஷம் காய்கறிக்காரரிடம் விரலை நீட்டி நீட்டியே குடும்பம் நடத்தினேன். நான் வெளியூர்க்காரி. அதுதான் என் படிப்பு, என் பட்டம், எல்லாம்.

3

இந்த வருஷம் எங்கள் துறைத் தலைவர் குல்கர்ணி சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். ஆனால் கால அட்டவணையில் ஒரு கட்டம் காலியாகக் கிடைக்குமா என்று எப்போதும் தேடிக்கொண்டே இருப்பார்.

"மேடம், உங்க பாடத்த எடுத்துட்டு அந்த நேரத்துல இன்டர்வியூ பயிற்சி வெக்கலாம்னு பாக்கறேன். பசங்க கோட் எழுதினா போதாதா? ரயில்ல ஏற எதுக்குப் பாடம்?" என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. பாடம் போனால் நானும் போனேன். பயத்தில் ரோஷம் வந்துவிட்டது. "சார், என் பிள்ளைகள் எழுதின ஒரே ஒரு காகிதம். ஊருக்கே புதுசான ஒரு ஆள். யாரையும் கேட்காமல் மாட்டுங்கா வந்து சேர்ந்தால் பாடம் இருக்கட்டும். வராவிட்டால் எடுத்துவிடுங்கள்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவருக்குக் கண் பளபளத்தது. "ஆள் யார்?"

"என் அண்ணன். அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிறார். இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது."

சுப்பையா அண்ணனைவிடப் பொருத்தமான ஆளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு உலகம். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தபோது பெட்டியில் 'இருவர் தூக்கவும்' என்று போட்டிருந்ததால், தூக்க வந்த மூன்றாவது ஆளை வாசலிலேயே நிற்க வைத்தவர்.

குல்கர்ணி சார் பிரின்சிபாலுக்குக் கடிதம் கேட்டார். மூன்று நகல். அண்ணனை என்னவென்று குறிப்பிடுவது? கடிதத்தோடு வைக்கிற படிவத்தில் 'விருந்தினர்', 'பெற்றோர்', 'பழுது பார்ப்பவர்', 'வெளித் தேர்வாளர்' என்று நான்கு கட்டங்கள்தான் இருந்தன. நான்காவதில் டிக் அடித்தேன். போனில் சொன்னதும் அண்ணன், "வெளித் தேர்வாளர்னா இஸ்திரி போட்ட சட்டதான் சரியா இருக்கும்" என்றார்.

4

எழுதுகிற பொறுப்பு செல்விக்கும் அவள் தோழி பூஜாவுக்கும் போயிற்று. செல்வி தாராவிப் பெண். அவள் தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் பேசுகிற தமிழ் இன்னும் அப்படியே தாமிரபரணித் தண்ணீரில் அலசின தமிழ். ஆனால் எழுதத் தெரியாது, கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் போனைப் பார்த்துப் பேசினாள், போன் எழுதிக் கொடுத்தது.

அதற்கு முன்னால் ஒரு பெரிய வாக்குவாதம். கையேடுகளில் 'யூசர்' என்பார்களே, அதற்குத் தமிழில் 'பயனர்' என்று எழுத வேண்டும், அதுதான் முறை என்றாள் பூஜா. செல்வி ஒப்பவில்லை. "மிஸ், பெரிய மனுசரப் போயி பயனர் ஏறவும், பயனர் எறங்கவும்னு சொன்னா நல்லாவா இருக்கு? எங்க அம்மா கேட்டா என்னைய வெளக்கமாத்தாலயே அடிப்பாவ" என்றாள். வகுப்பு செல்வி பக்கம் ஓட்டுப் போட்டது. வாரம் முழுக்க எழுதி, திருத்தி, ஏழாவது வடிவம் என் கைக்கு வந்தது. நான் திருத்தக் கூடாது என்பது பந்தயத்தின் விதி. படித்துப் பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று மட்டும் சொல்லலாம்.

'அண்ணாச்சி, வணக்கம். செம்பூர் ஸ்டேஷன் படி எறங்குனதும் எடது கை பக்கம் திரும்புங்க. பத்து எட்டு வச்சா தண்ணிக் குழா வரும். அதத் தாண்டி, பச்சையும் மஞ்சளுமா பட்ட அடிச்ச தூணு கிட்ட நில்லுங்க. ரயில் டப்பா கரெக்டா உங்க முன்னாலயே வந்து நிக்கும். ஏறுனதும் உக்கார எடம் தேடாதிய, ரெண்டு ஸ்டேஷன்தான். திலக் நகர் வந்ததும் வாசப் பக்கம் வந்துருங்க, இல்லன்னா குர்லால ஏறுதவங்க உங்கள உள்ள தள்ளிருவாங்க. குர்லால எறங்கி மாறணும். போர்டுல எஸ்ஸுன்னு இங்கிலீசு எழுத்து இருந்தா ஏறுங்க. எஃப் இருந்தா அது நிக்காமப் போயிரும், நம்மளுக்கு வேண்டாம்...'

இப்படி இரண்டு பக்கம். மாட்டுங்காவில் கிழக்கே இறங்கி, பூக்கடை வரிசையைத் தாண்டி, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் நடந்து, எந்த ஹோட்டலில் எந்த மேஜை என்பது வரைக்கும் இருந்தது. நடுவில், 'தாகமா இருந்தா இங்கன ஒரு நிமிசம் நின்னு தண்ணி குடிச்சுக்கிடுங்க' என்று ஒரு வரி. எத்தனையோ கையேடுகளைப் படித்திருக்கிறேன். படிக்கிறவருக்குத் தாகம் எடுக்கும் என்று நினைத்த கையேட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்று தடவை படித்தேன். வெளியூர்க்காரியின் கண்ணால், பூதக்கண்ணாடி வைத்த மாதிரி வரிவரியாகப் படித்தேன். "சரி" என்றேன். செல்வி துள்ளியதில் மேஜை மேலிருந்த டஸ்டர் கீழே விழுந்தது.

5

அண்ணன் வந்து இறங்கினார். என் மகன் கவின் ஒன்பதாவது படிக்கிறான். தமிழ் பேசுவான், ஆனால் அவசரத்தில் தமிழ் இறங்கி இந்தி ஏறிவிடும். "மாமா, டென்ஷன் மத் லோ, ஆராம் ஸே போங்க" என்றான். கவலைப்படாமல் நிதானமாகப் போங்கள் என்று அர்த்தம். அண்ணன் என்னிடம், "பய என்னமோ மாத்தச் சொல்லுதான்" என்றார். அவரைப் பொறுத்தவரையில் அவருக்கு ஒரு மருமகன் இருக்கிறான், நடுவில் ஒரு சுவரும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கும். அன்றைக்கு நினைக்க நேரமில்லை.

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் பேனா, கையில் காகிதம். "யாரையும் கேக்கப்படாது, அப்படித்தான?" என்று மூன்று முறை உறுதி செய்துகொண்டார். செல்வியும் பூஜாவும் பத்தடி பின்னால் போய்க் கவனிப்பார்கள். என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் முன்னதாகவே மாட்டுங்கா ஹோட்டலுக்குப் போய்விட்டேன். குல்கர்ணி சார் இட்லி வடை சாம்பாரோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

பத்தரைக்குச் செல்வியிடமிருந்து இங்கிலீஷ் எழுத்தில் செய்தி வந்தது. 'மிஸ், பக் ஆ கயா.' கோளாறு வந்துவிட்டது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த செய்தி: 'அண்ணாச்சி லேடீஸ் டப்பாவுல இருக்காவ.'

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஊரில் இருக்கிற நீங்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பச்சையும் மஞ்சளும் பட்டை அடித்த தூண் பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்துக்கு அடையாளம். செல்வி தினமும் காலேஜ் முடிந்து வந்து அங்கேதான் நிற்கிறாள். பூஜாவும் அங்கேதான். நானும் இருபது வருஷமாக அங்கேதான். எங்களுக்கு ரயில் என்றாலே அந்தப் பெட்டிதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் வேறு பெட்டிகள் இருக்கின்றன என்பதும், அண்ணன் ஓர் ஆண்பிள்ளை என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாரமாகத் தோன்றவே இல்லை. பையன்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாததால் அவர்களும் பார்க்கவில்லை.

6

வண்டிக்குள் நடந்ததைச் செல்வி பிற்பாடு சொன்னபடி எழுதுகிறேன். அண்ணன் தூணருகில் நின்றார், வண்டி வந்தது, ஏறினார். பின்னாலேயே இந்த இரண்டு பெண்களும் பழக்கதோஷத்தில் ஏறி, உள்ளே வந்த பிறகுதான் அது பெண்கள் பெட்டி என்பது உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். சொல்லவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

"அரே சாச்சா! லேடீஸ் டப்பா ஹை! உதரோ!" என்று இறங்கச் சொல்லி நாலு பக்கமிருந்தும் சத்தம். அண்ணனுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. ஆகவே பதில் பேசாமல், ஆபீசில் மேலதிகாரிக்குக் கோப்பை நீட்டுகிற மாதிரி, காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். அங்கே மாட்டுங்காவுக்குப் போகிற ஒரு மாமி இருந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார், படித்ததை இந்தியில் சத்தமாகச் சொன்னார். தண்ணீர்க்குழாய், தூண், பட்டை, கரெக்டாக முன்னாலேயே வந்து நிற்கும் டப்பா. பெட்டியே குலுங்கிச் சிரித்ததாம். ஒரு அம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த பட்டாணிப் பை கவிழ்ந்து, பட்டாணி கால்களுக்கிடையில் குர்லா வரைக்கும் உருண்டதாம்.

மாமி அண்ணனிடம், "இத எழுதினது பொம்மனாட்டியாத்தான் இருக்கணும். பேனா குடுங்கோ" என்று வாங்கி, காகிதத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார்: 'புருஷா இந்த டப்பாவில் ஏறப்படாது. அடுத்த டப்பாவில் ஏறவும்.' திலக் நகர் வந்ததும் பெண்கள் எல்லாருமாக அண்ணனை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வாசலுக்கு நகர்த்திக் கொண்டுபோய், குர்லாவில் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து எஸ் என்று போர்டு பார்த்து, பக்கத்துப் பெட்டியில் ஏறி, மாட்டுங்காவில் இறங்கி, தண்ணீர் குடிக்கச் சொன்ன இடத்தில் தண்ணீர் குடித்து, சொன்ன மேஜைக்குச் சொன்னபடி வந்து நின்றார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"வந்துட்டார் சார்!" என்று நான் எழுந்தேவிட்டேன். குல்கர்ணி சார் கைதட்டினார். எல்லாம் முடிந்தது, ஜெயித்தோம் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் உட்காரவில்லை. காகிதத்தை மேஜை மேல் விரித்து வைத்தார். "வந்து சேந்துட்டேன். ஆனா இந்தக் காயிதம் தப்பு" என்றார்.

நான் மேஜை மறைவில் அவர் காலை மிதித்தேன். "என்னத்துக்கு மிதிக்க? தப்பத் தப்புன்னுதான சொல்லணும். அந்தப் பொம்பளைக எழுதித் திருத்தலேன்னா நான் குர்லாலயும் அதே மாதிரித் தூணத் தேடிப் போயி நின்னுருப்பேன். நான் வெளித் தேர்வாளர்லா?"

"என்ன சொல்றார்?" என்று குல்கர்ணி சார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஒரு நொடிதான். ஹோட்டல் பிரமாதம் என்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தமிழ் தெரியாது, அண்ணனுக்கு இந்தி தெரியாது. ஆனால் இரண்டும் தெரிந்த செல்வி மேஜை பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி எழுது, உனக்குப் பாதகமாக இருந்தாலும் எழுது என்று இதே பிள்ளைக்கு நான்தான் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்கிறேன். சொன்னேன். தூண், பட்டை, மாமி, பட்டாணி, ஒன்று விடாமல் சொன்னேன். என் குரல் எனக்கே ராஜினாமாக் கடிதம் வாசிக்கிற மாதிரிக் கேட்டது.

7

குல்கர்ணி சாருக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சட்னிக் கிண்ணம் நடுங்குகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, "இத யார் சரிபார்த்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். மூன்று தடவை."

"எழுதினவங்களுக்குத் தெரியல. இத்தன வருஷமா சொல்லிக்கொடுக்கற உங்களுக்கும் தெரியல. நாளைக்கு என் பசங்க ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் செய்வாங்க. அதுக்கும் இப்படித்தானே எழுதுவாங்க?" சிரிப்பு நின்றுவிட்டிருந்தது. "பாடம் இருக்கட்டும் மேடம். வாரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் தரேன்."

செல்வியும் பூஜாவும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்ததில் சர்வர் டபராவோடு இரண்டடி பின்வாங்கினார். நானும் குதித்திருப்பேன், புடவை இடம் கொடுக்கவில்லை. குல்கர்ணி சார் கையை உயர்த்தினார். "ஒரு நிபந்தனை. இனிமே சோதிச்சுப் பாக்கற வேல உங்களுக்கு வேண்டாம். அதுக்கு வெளியூர் ஆள் வேணும். நீங்க இங்கத்திய ஆள். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக நான் மார்தட்டிக்கொண்டிருந்த ஒரே தகுதியை, சாம்பார் வாளி வந்துபோகிற இடைவெளியில் பிடுங்கிவிட்டார்.

அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுதாரு?" என்றார்.

"நான் இந்த ஊர்க்காரி ஆயிட்டேன்னு சொல்லுதாரு அண்ணே" என்றேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது ஊர்ல எங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியுமே, தங்கச்சி. உனக்கு யாரும் சொல்லலியா?" என்றார்.